பொருளாட்டம் வேசம் போட்டு ஒக்காந்திருக்கற மிமிக்கை ஆட்டத்துல நியாயமா எப்படி எறக்கறது? ஒரு பையன் ஆட்டத்தையே விட்டுட்டுப் போயிட்டானுங்க

கோபிப்பகடை:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாத்தான் எழுதறன், மனசு சரியில்ல, படிச்சுப்போட்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் சோறுண்டுட்டு எங்க தோட்டத்து சாளைல டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா பகடை உருட்டி வெளையாடற கதை ஆட்டம்) வெளையாடறமுங்க. அஞ்சாம் பதிப்பு, 2014 ரூல்ஸ். நான்தான் டிஎம், கதைய சொல்லி ஆட்டத்த நடத்தறவன், மத்த நாலு பேரும் சித்தப்பா பசங்க அத்தை பசங்க. கதை நடக்கற எடம் நம்மூரு மாதிரிதான், பேரு மட்டும் மாத்தி வெச்சிருக்கறன். கொடுமணல் மாதிரி ஒரு ஊர்ல இருந்து கல்லுமணி யாவாரிங்க வண்டி கட்டிட்டு பெருவழில மேக்க போறாங்க, நம்ம பசங்க காவலுக்கு கூட போறாங்க. கோயமுத்தூர் பக்கம் கல்வெட்டுல வருதே ராசகேசரிப் பெருவழி, அதுதான் மனசுல.

மூணாவது செஷன்ல மழைக்கு ஒதுங்க ஆளில்லாத ஒரு சாளைக்குள்ள போனாங்க. அட்டாலில ஒரு பழைய மரப்பொட்டி, பித்தளைப்பூட்டுன்னு சொன்னன். என்ற சித்தப்பா பையன் ஒம்பதாவது படிக்கறான், அவந்தான் பூட்டு தொறக்கற கேரக்டர், மூணு வாரமா ஒரு பூட்டுக்கூட நான் குடுக்கல, அதனால அவனுக்கு அத்தன சந்தோசம். தொறப்புக்குச்சி எதுக்குண்ணா எங்கிட்ட கம்பி இருக்குதுன்னு சொல்லி கைய வெச்சான். மிமிக். கை ஒட்டிக்கிச்சு. கடிக்கு 1டி8 (எட்டு முகப் பகடை ஒண்ணு) கூட 3, அதுக்கு மேல ஆசிட் 1டி8, அவனுக்கிருந்த உசுரே 9 ஹெச்பி. காப்பாத்தப் போன ரெண்டு பேர்ல ஒருத்தன் பொட்டியப் புடிச்சு இழுக்கறன்னு அவனும் ஒட்டிக்கிட்டான். சாவுல இருந்து தப்பிக்கப் போடற டெத் சேவ் மூணும் பெயில். இருவது நிமிசங்கூட ஆகலைங்க.

அவன் அழுகல. பகடைய எடுத்து டப்பால போட்டுப்போட்டு, அண்ணா நீங்க பொட்டின்னு சொன்னீங்க, நீங்க சொன்னத நம்பித்தான கைய வெச்சன்னு கேட்டான். எனக்கு பதில் வரல. போன ஞாயித்துக்கெழமை அவன் வரவேயில்ல.

ரூல்படி நான் ஒண்ணும் தப்பு பண்ணலைங்க. ஆனா தப்பு பண்ணிட்டன்னு உள்ளுக்குள்ள தெரியுது. இனி மிமிக்கை தொடவே கூடாதுங்களா, இல்ல வேற வழி இருக்குதுங்களா?

பழையரூல்புக்:
தம்பி, மொதல்ல கணக்க பாரு. மிமிக்குக்கு சேலஞ்ச், அதாவது எத்தன கஷ்டமான எதிரிங்கற எண், 2. நாலு பேரு ரெண்டாம் லெவல்ல இருந்தா ஒரு அளவான சண்டை. உன்ற பசங்க ஒண்ணாம் லெவல். ஏசி, அதாவது அடி படறதுக்கு பகடைல எட்ட வேண்டிய எண், 12ங்கறதால அடிக்கறது சுளுவு, ஆனா ஹெச்பி 58. அத எறக்க அஞ்சாறு ரவுண்டு ஆகும், அதுக்குள்ள அது ரவுண்டுக்கு ஒருத்தன சாய்ச்சுரும். ஒட்டுனவன் பிச்சுட்டு வர டிசி 13, அதாவது பகடைல 13 எட்டணும், அதுவும் ரெண்டு தடவ உருட்டி சிறுச எடுக்கற டிஸ்அட்வான்டேஜ்ல. ஒட்டுனவன கடிக்கறப்ப அதுக்கு ரெண்டுல பெருச எடுக்கற அட்வான்டேஜ் வேற. அந்தப் பையனுக்கு தப்பிக்க வழியே இல்ல, இத நீ மொதல்ல மனசுல வாங்கிக்கோ.

ரெண்டாவது, மிமிக்குன்னா கடிக்கற பொட்டின்னு இப்ப எல்லாரும் நெனச்சுட்டிருக்கறாங்க. இது மொதல்ல வந்தது 1977 மான்ஸ்டர் மேனுவல்ங்கற ஜந்துப் புக்குல, இந்த ஆட்டத்த உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் எழுதுனது. அதுல ரெண்டு வகை. பெருசு, மந்தமானது, கிட்ட வந்தத கொல்றது ஒண்ணு. இன்னொண்ணு சிறுசு, புத்திசாலி, பேசும், தீனி குடுத்தா அந்தப் பாதாளத்துல எங்க என்ன இருக்குதுன்னு சொல்லும். கல்லு, மரம் ரெண்டு மாதிரிதான் மாறும். வெயில் ஆகாது. பொட்டி மட்டுமில்ல, கதவு, கல்லுக்கட்டுன்னு எல்லாமே அதுல சேத்தி. பேசற சிறுச எல்லாரும் மறந்துட்டாங்க, கடிக்கறது மட்டும் நின்னுருச்சு.

அது ஏன் பொறந்துச்சுன்னும் சொல்லிப்போடறன். 1974ல ஆட்டம் வந்ததுக்கப்பறம் வெளையாடறவங்க நெம்ப உசாராயிட்டாங்க. பத்தடி கோல வெச்சு தரைய தட்டித்தட்டி போவாங்க, கதவுல காது வெச்சு கேப்பாங்க. டிஎம்முங்க அதுக்கு பதில் கண்டுபுடிச்சாங்க. காது வெக்கறவன் காதுக்குள்ள பூந்துக்கற புழு, மேக்கூரையா ஒட்டிட்டிருந்து மேல விழுகற ஜந்து, தரையாவே படுத்திருக்கற ஜந்து. அந்த வரிசைலதான் மிமிக். அதாவது அது அனுபவசாலிக்கு வெச்ச எதிர்க்காய். மொதத்தடவ பூட்டு தொறக்கற சின்னப்பையனுக்கு வெச்சதில்ல.

அம்மிணிபகடை:
திருப்பூர்ல ஏழு வருசமா டிஎம் பண்றனுங்க. அந்தப் பையன் கேட்ட கேள்வி எனக்கு ராத்திரி பூரா தூக்கத்த கெடுத்துருச்சு.

டிஎம்மோட வாய்தான் வெளையாடறவங்களுக்கு கண்ணு. அவங்களுக்கு வேற கண்ணு இல்ல. நெசமா ஒரு அட்டாலில ஏறுனா நாத்தம் அடிக்கும், பலகை ஆடும், வௌவால் எச்சம் கால்ல படும், அம்பது விசயம் ஒடம்பு தானா பாத்துக்கும். நாம சொல்றதோ ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துல பொட்டின்னு மட்டும் இருந்தா அவன் கைய வெக்காம என்ன பண்ணுவான்? அவன் ஏமாந்தது மிமிக்கிட்ட இல்லீங்க, உங்ககிட்ட. அதான் அவனுக்கு வலி. கோவமா சொல்லல தம்பி, நானும் இதே தப்ப பண்ணிருக்கறன்.

தறிக்காரன்:
நான் ஒத்துக்க மாட்டனுங்க. சாவே இல்லாத ஆட்டத்துல பகடை எதுக்கு? பூட்டு தொறக்கறவன் மொதல்ல ஒரு குச்சிய வெச்சு தட்டிப் பாக்கணும், அது அவன் தொழிலு. எங்க தறிக்குடோன்ல புதுப் பையன் வந்தா மொத நாளே சொல்லுவம், ஓடற தறில கைய வெக்காதன்னு, வெச்சா வெரலு போகும். பயம் இருந்தாத்தான் கவனம் வரும். டார்க் சோல்ஸ் வீடியோ கேம் வெளையாடாதவங்க இங்க யாரு? 2011ல வந்துது, மொத மிமிக் பொட்டில எல்லாருமே செத்தம். அதுக்கப்பறம் ஒவ்வொரு பொட்டிக்கும் ஒரு அடி போட்டுத்தான் தொறந்தம். அந்த மொத சாவு இல்லீனா அந்த கவனமே வந்திருக்காது.

அம்மிணிபகடை:
அண்ணா, நீங்க சொன்ன ஆட்டத்துலயே பதில் இருக்குதுங்க. அதுல மிமிக் பொட்டியோட சங்கிலி கெடக்கற வாகே வேற. சும்மா நின்னு பாத்தா அது மூச்சு விடறது தெரியும். செத்தவன் திரும்பி வந்து பாத்தா, அட இது மொதல்லயே இங்க இருந்துதே, நாமதான் பாக்கலன்னு தோணும். அந்த எண்ணம் வந்தா யாரும் ஆட்டத்த விட்டுப் போக மாட்டாங்க. உங்க புதுப் பையனுக்கும் நீங்க மொத நாளே சொல்றீங்கல்ல? தம்பி அத சொல்லவே இல்லையே.

தறிக்காரன்:
அது சரிதான். சொல்லாம தறில நிறுத்துனா அது என்ற தப்பு. ஆனா ரூல்புக்குல அசையாம இருந்தா சாதா பொருளுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாதுன்னு போட்டிருக்குதே. கவனிக்கறதுக்கு பர்செப்ஷன் பகடை போட்டாலும் தெரியாது. அப்ப டிஎம் என்னன்னு சொல்றது?

அம்மிணிபகடை:
பொருள்ல வித்தியாசம் தெரியாதுன்னுதான் போட்டிருக்குது. எடத்துல தெரியாதுன்னு எங்கயும் போடலைங்க. பொட்டி அச்சு அசல் பொட்டிதான். ஆனா அந்த அட்டாலிக்கு அது எப்ப வந்துது, எப்படி வந்துது, அதச் சுத்தி என்ன கெடக்குது, அதையெல்லாம் மறைக்க அதுக்கு சக்தி இல்ல. அதோட வேகம் 15 அடிதான். தரைல இழுத்துட்டு வந்த தடம் இருக்கும். நான் இப்பல்லாம் பொட்டிய வர்ணிக்கறதில்ல, பொட்டி இருக்கற எடத்த வர்ணிக்கறன்.

மல்லிக்காடு:
சத்தியமங்கலத்துல இருந்து. எனக்கு ஆட்டம் புதுசு, ஒரு வருசந்தான் ஆச்சு, ஆனா இந்த விசயத்துல ஒண்ணு சொல்லத் தோணுது.

எங்க காட்டுல மல்லி. விடியக்காலம் மூணு நாலு மணிக்கே தலைல லைட்ட கட்டிட்டு மொக்கு பறிக்கப் போயிருவம். வெள்ளை மொக்கோட வெள்ளையா ஒரு சிலந்தி ஒக்காந்திருக்கும், நண்டுச் சிலந்தி. வலை கட்டாது. முன்னாடி நாலு காலையும் நண்டு மாதிரி விரிச்சு வெச்சுட்டு அசையாம இருக்கும், தேனெடுக்க வர்ற பூச்சிய அப்படியே புடிச்சுக்கும். மஞ்ச பூவுல மஞ்சளா இருக்கற வகையும் உண்டு, நிறம் மாற சில நாள் புடிக்கும், பச்சோந்தி மாதிரி வெசையா மாறாது.

எங்கம்மா அத தொடாம ஒதுக்கி ஒதுக்கி பறிக்கும். லைட் வெளிச்சத்துல எப்படிம்மா தெரியுதுன்னு ஒருக்கா கேட்டன். சிலந்தியவா பாக்கறன், செத்த ஈயப் பாருன்னுச்சு. காத்தடிச்சாலும் விழுகாம பூ மேலயே ஒரு ஈ காஞ்சு நின்னுச்சுன்னா அதுக்கு அடியில அது இருக்குதுன்னு அர்த்தம். அவ்வளவுதான். வேசம் போட்டிருக்கறது தெரியாது, அது உண்ட மிச்சம் தெரியும்.

மிமிக்கும் ஒரு சீவன்தானுங்க? அதுக்கும் உண்ட மிச்சம் இருக்கணும்.

நொய்யல்கரை:
மல்லிக்காடு சொன்னத படிச்சுப்போட்டு ரூல்புக்க மறுபடி எடுத்துப் பாத்தன். ஒட்டற சக்தி பொருளா இருக்கறப்ப மட்டும்னு தெளிவா போட்டிருக்குது, தொட்டதெல்லாம் ஒட்டும்னும் இருக்குது. அப்ப அதுல மொதல்ல ஒட்டறது மனுசன் கெடையாதுங்க. எறும்பு. கொசு. அந்துப்பூச்சி. கோழி ரெக்கை. ஒட்டடை. ஒரு வாரம் பொட்டியா ஒக்காந்திருந்தா அதுமேல ஒரு கட்டெறும்பு வரிசையே காலு மாட்டி செத்துக் கெடக்கணும்.

எங்க அம்முச்சி ஊட்டுல ஒரு நெச பொட்டி இருக்குது, அம்முச்சி கல்யாணத்துக்கு வந்தது, பலா மரம், தேக்குன்னு சொல்லிக்குவாங்க ஆனா பலாதான். பல வருசமா தொறக்கல. போன பொங்கலுக்கு தொறக்கலாம்னு தொறப்புக்குச்சி எடுத்துட்டு போனா பூட்டு ஓட்டைக்குள்ள நொழையல. கொளவி மண்ணக் கொண்டாந்து ஓட்டைய அடைச்சு கூடு கட்டிருக்குது. அத ஊசில குத்தி எடுத்துத்தான் தொறந்தம். உள்ள வசம்பு வாசம், அந்துருண்டை வாசம், ஒரு சேலைல மடிப்பு விழுந்த எடமெல்லாம் நூலு நூலா போயிருக்குது. அடிப்பலகைல செல்லு அரிச்ச தடம்.

பழைய பொட்டின்னா அதுல கொளவி குடி வந்திருக்கும், செல்லு வந்திருக்கும், பல்லி முட்டை இருக்கும். மிமிக்குக்கு பூட்டு ஓட்டை செய்யத் தெரியும், கொளவிக்கூடு செய்யத் தெரியாது. ஆளில்லாத ஊட்டுல பூட்டு ஓட்டை பளிச்சுனு சுத்தமா இருந்துச்சுன்னா அங்க கைய வெக்காதன்னு அர்த்தம்.

தறிக்காரன்:
இது நெம்ப நல்லா இருக்குதுங்க. நான் மேல சொன்னத வாபஸ் வாங்கிக்கறன். இந்த மாதிரி துப்பு குடுத்தும் கைய வெச்சான்னா அப்ப சாகலாம்.

ஆனா ஒரு சந்தேகம். ஒட்டுதுன்னா தரையோடயும் ஒட்டிக்குமே? நகர்றது எப்படி?

பழையரூல்புக்:
1989 ரெண்டாம் பதிப்புல அதுக்கு பதில் இருக்குது. நெனச்சப்ப பசைய விட்டுக்கும். செத்தா அஞ்சு ரவுண்டு கழிச்சு பசை தானா போயிரும். இன்னொண்ணும் அதுல இருக்குது, இப்ப யாரும் சொல்றதில்ல. சாராயம் ஊத்துனா மூணு ரவுண்டுல பசை எளகிரும். அஞ்சாம் பதிப்புல இத எடுத்துட்டாங்க. நான் என்ற மேசைல இன்னும் வெச்சிருக்கறன், ஏன்னா ஒட்டுனவன் சும்மா பகடைய போட்டுட்டு ஒக்காந்திருக்கறத விட யாராவது ஓடிப்போயி வண்டில இருந்து மொடாவ தூக்கிட்டு வர்றது நல்ல காட்சி.

மார்கழி:
இந்த இழைய ரெண்டு நாளா படிச்சுட்டிருக்கறன். மிமிக்குக்கு தமிழ்ல பேரு வேணும்னு பழைய இழைல ஒருக்கா சண்டை நடந்துது ஞாபகமிருக்குதுங்களா? போலிப்பொருள், உருமாறி, வேசப்பொட்டி, எதுவும் நிக்கல.

ஆண்டாள் எப்பவோ வெச்சிருச்சுங்க. திருப்பாவை ஆறாம் பாட்டு, கள்ளச் சகடம். கண்ணன் கைக்கொழந்தையா தொட்டில் பக்கம் இருக்கறப்ப ஒரு அசுரன் வண்டியா வந்து நிக்கறான், கொழந்தை கால ஒதைக்குது, வண்டி நொறுங்குது. யோசிச்சுப் பாருங்க, ஆயர்பாடில வண்டி நின்னா யாரு சந்தேகப்படுவா? எல்லா ஊட்டு வாசல்லயும் வண்டி நிக்குது. கள்ளன்னா திருடற கள்ளன் மட்டுமில்ல, பொய்யானதுக்கும் அதே சொல்லுதான். கள்ளப்பொட்டி, கள்ளக்கதவு, கள்ள ஒரலு, எத வேணாலும் சேத்துக்கலாம்.

அது மட்டுமில்ல. கண்ணன் கன்னுக்குட்டிய எறிஞ்சு விளாங்காய உதுத்துனதும் திருப்பாவைலயே வருது, கன்னும் அசுரன், விளாவும் அசுரன். மலப்பாம்பா வாயத் தொறந்து படுத்திருந்த அகாசுரன் வாயிக்குள்ள ஆயர் பசங்க குகைன்னு நெனச்சு நடந்து போனாங்க. வாதாபி ஆட்டுக்கறியாவே மாறி எலைல போயி ஒக்காந்தான். நமக்கு இந்த பயம் புதுசில்லீங்க. நாம இத கேட்டுத்தான் வளந்தம், ஆட்டத்துல மட்டும் ஏனோ இரும்புக் கச்ச போட்ட வெளிநாட்டுப் பொட்டிய வெச்சுட்டு ஒக்காந்திருக்கறம்.

தறிக்காரன்:
மார்கழி அக்கா, நான் சென்னிமலக்காரன், முருகன விட்டுட்டீங்களே! சூரன் கடலுக்குள்ள மாமரமா நின்னான். அத விடப் பெருசு கிரவுஞ்ச மலை. வீரவாகு படையோட அதுக்குள்ள போறாரு, மலைன்னுதான் நெனச்சு போறாரு, உள்ள போனா வழி மாறுது, எல்லாரும் மயங்கி விழுகறாங்க. வேல் வந்துதான் மலைய பொளந்துது. ஊடு மாதிரியே நிக்கற பெரிய மிமிக்கும் பழைய புக்குல இருக்குது, அதுக்கு இத விட நல்ல கதை வேணுமா?

சரி, கோபித் தம்பிக்கு உருப்படியா ஒண்ணு சொல்றன். பெருவழி கதைன்னு சொன்னீங்கல்ல? சுமைதாங்கிக் கல்ல வெச்சுப் பாருங்க. ரெண்டு கல்ல நட்டு மேல ஒரு கல்ல படுக்க வெச்சது. தலச்சுமையோட வர்றவன் யாரு உதவியும் இல்லாம சுமைய அதுமேல எறக்கி வெச்சு இளைப்பாறுவான். கல்லாவும் மாறும்னு பழைய ரூல்ல இருக்குது, கச்சிதமா சேருது. ரெண்டு கையையும் மேல வெச்சுத்தான் ஆகணும், கழுத்து வலில யாரும் யோசிக்க மாட்டாங்க. வெயில் ஆகாதுங்கறதால ராத்திரி வண்டிக்கு மட்டும் வரும்.

மல்லிக்காடு:
அண்ணா, இது வேண்டாமுங்க. சுமைதாங்கி யாருக்கு நடறதுன்னு உங்களுக்கு தெரியும். வயித்துல புள்ளையோட செத்துப்போன பொம்பளைக்கு நடறது. அந்தச் சுமைய அவ எறக்கி வெக்கல, வழில போறவங்க எறக்கி வெக்கட்டும்னு. எங்க ஊரு எல்லைல ஒண்ணு இருக்குது, எங்க பாட்டியோட கூடப் பொறந்தவளுக்கு வெச்சது. அது பல்லு மொளச்சு கடிக்கறத நான் மேசைல கேக்க மாட்டன்.

தறிக்காரன்:
மன்னிச்சுக்கம்மா. தெரியும், ஆனா யோசிக்கல.

நொய்யல்கரை:
அதுலயே ஒரு வழி இருக்குதுங்க. நெச சுமைதாங்கிய ஒண்ணும் பண்ண வேண்டாம். அது நின்ன எடத்துல நிக்கட்டும். அதுக்குப் பக்கத்துல ராத்திரில ரெண்டாவதா ஒண்ணு நின்னா? ஒரு ஊரு எல்லைல அடுத்தடுத்து ரெண்டு சுமைதாங்கி எதுக்கு? நெச கல்லுல பல வருசம் சுமை ஒரசி ஒரு வழவழப்பு இருக்கும், விளக்கு வெச்ச எண்ணெய் பிசுக்கு இருக்கும், சில கல்லுல பேரும் வெட்டிருக்கும். மத்ததுல ஒண்ணும் இருக்காது. நெச கல்லுதான் காப்பாத்தும். அந்தம்மா காப்பாத்தற மாதிரி.

மல்லிக்காடு:
இது சரிங்க. இத நானே வெளையாடுவன்.

கோபிப்பகடை:
எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. நேத்து பொழுதோட சித்தப்பா ஊட்டுக்கு போனன். களத்துல மஞ்ச காய வெச்சிருந்தாங்க, அவன் கால்ல தள்ளிட்டிருந்தான். நானும் செருப்ப கழட்டிப்போட்டு கூட தள்ளுனன். நான் பண்ணுனது தப்பு, உனக்கு ஒரு துப்பும் குடுக்காம கைய வெக்க வெச்சுட்டன்னு சொன்னன். அவன் ஒண்ணும் சொல்லல. ரெண்டு வரிசை தள்ளுனதுக்கப்பறம் கேட்டான், அது ஏண்ணா ஆளில்லாத ஊட்டுல பொட்டியா இருந்துது? அங்க யாரு வருவாங்கன்னு? நாங்க மழைக்கு ஒதுங்குனது தற்செயல். அது எத்தன வருசமா உங்காம இருந்துது?

எனக்கு மறுபடி பதில் வரலைங்க. அதுக்கு பசின்னு நான் நெனச்சே பாக்கல, புக்குல இருந்துது, எடுத்து வெச்சன்.

செத்த கேரக்டர உசுப்பிக் குடுக்கட்டுமான்னு கேட்டன். வேண்டாம், அவன் செத்துட்டான், புதுசா ஒண்ணு போட்டுக்கறன்னான். கல்லுமணில ஓட்டை போடறவங்ககிட்ட வேலை பழகற பையன். கல்லு தெரிஞ்சவன். அவனே யோசிச்சு வெச்சிருக்கறான்.

பழையரூல்புக்:
அந்தக் கேள்விக்கு பதில் அந்த 1977 புக்குல இருக்கற சிறுசுதான். பேசறது. அதுகிட்டயே கேக்க வெய்யி.

கோபிப்பகடை:
செஷன் முடிஞ்சு இப்பத்தான் ஊட்டுக்கு வந்தன், மறக்கறதுக்குள்ள எழுதிப்போடறன். நீளமா இருந்தா பொறுத்துக்குங்க.

ரெண்டாம் லெவல் ஏத்திட்டன் எல்லாரையும். ராத்திரி வண்டி, மாடு ரெண்டும் நடக்க மாட்டேன்னு நின்னுருச்சு. எறங்கிப் பாத்தா ஊரு எல்லை. சுமைதாங்கி ரெண்டுன்னு மட்டும் சொன்னன். கிட்ட போனா என்ன தெரியுதுன்னு அவங்க கேக்கட்டும்னு வாய மூடிட்டு ஒக்காந்தன், அது நெம்ப கஷ்டமா இருந்துதுங்க, சொல்லிப்போடணும்னு நாக்கு துடிக்குது.

எங்க அத்தை பையன் மணி மூட்டைய எறக்கி வெக்கறன்னு நேரா போனான். சித்தப்பா பையன், இரு மாப்ள, எந்தக் கல்லு மேல தேஞ்சிருக்குதுன்னு என்னையப் பாத்து கேட்டான். எடது பக்கத்துக் கல்லு நடுவுல வழவழன்னு இருக்குது, ஓரத்துல எண்ணெய்க் கறை, அடியில ஒடைஞ்ச அகல் விளக்குன்னு சொன்னன். வலது பக்கம்? தேய்மானம் இல்ல, சுத்தமான கல்லு, மேல ஒரு கட்டெறும்பு வரிசை. எறும்பு நகருதா? நகரல.

மேசைல யாரும் பேசலைங்க. அவன் கீழ கெடந்த ஒரு வெங்கச்சாங்கல்ல பொறுக்கி அதுமேல எறியறன்னான். எறிஞ்சான். கல்லு கீழ விழுகல. செங்குத்தா நின்ன கல்லுல பாதில ஒட்டிட்டு நின்னுச்சுன்னு சொன்னன் பாருங்க, நாலு பேரும் நாற்காலிய பின்னுக்கு தள்ளிட்டாங்க.

அத்தை பையன் அவசரப்பட்டு கோல வெச்சு குத்துனான், கோலு ஒட்டிக்கிச்சு, கோல விடாம இழுத்து முழங்கையும் பட்டு ஒட்டிக்கிச்சு. வண்டில கள்ளு மொடா இருக்குதுன்னு மொத செஷன்லயே சொல்லி வெச்சிருந்தன், யாரோ ஞாபகம் வெச்சு எடுத்தாந்து ஊத்துனாங்க. மூணு ரவுண்டு எண்ணிட்டே இருந்தாங்க. மூணாவதுல எளகிருச்சு. அது கடிக்கவே இல்ல. அத அவந்தான் கவனிச்சான். இது ஏண்ணா கடிக்கலன்னு கேட்டுப்போட்டு, கதைக்குள்ள போயி அதுகிட்டயே, உங்கறயான்னு கேட்டான்.

கல்லு பேசுச்சு. உங்கறன்னுச்சு.

களி உருண்டையும் கருவாடும் வெச்சாங்க. அது உண்டுட்டே சொல்லுச்சு, வெயில் வர்றதுக்குள்ள போகோணும், இந்த மூத்த கல்லு பக்கத்துல நின்னா யாராச்சும் சோறு வெச்சுட்டு போவாங்கன்னு பாத்தன், அவளுக்கு வெக்கறாங்களே, எனக்கு யாரும் வெக்கலன்னு. அட்டாலில இருந்தது யாருன்னு பையன் கேட்டான். என்ற பாதி, ரெண்டா பிரிஞ்சம், நான் வழிக்கு வந்தன், அது ஊட்டுக்குள்ள போச்சு, அந்த ஊட்டுல அப்ப ஆளுக இருந்தாங்க, அப்பறம் போயிட்டாங்க, அது வரத் தெரியாம அங்கயே ஒக்காந்துருச்சுன்னுச்சு. பிரிஞ்சதுங்கறது நானா சேத்துனது, ரூல்ல தேடாதீங்க.

எங்க ஆட்டத்துல மொதத்தடவையா பத்து நிமிசம் பகடையே உருளலைங்க.

மல்லிக்காடு:
அவளுக்கு வெக்கறாங்களே எனக்கு யாரும் வெக்கலங்கறத படிச்சுப்போட்டு கண்ணு கலங்கிருச்சுங்க. அம்மாவுக்கு படிச்சுக் காட்டுனன். அப்ப அதுக்கு ஒரு உருண்டை வெக்கச் சொல்லுன்னுச்சு.

அம்மிணிபகடை:
தம்பி, கடிக்காததுக்கு என்ன கணக்கு வெச்சீங்க? சிறுசுக்கு அதே 58 ஹெச்பியா?

கோபிப்பகடை:
இல்லீங்க அக்கா. ஏசி 12 அப்படியே, ஹெச்பி 30, இன்டெலிஜென்ஸ் புக்குல 5, நான் 11 வெச்சன் பேசறதால. ஒட்டறது அதே டிசி 13. கடி எழுதி வெச்சிருந்தன், ஆசிட் இல்லாம 1டி8 கூட 3. அவங்க தாக்கியிருந்தா கடிச்சிருக்கும். கோல்ல குத்துனத தாக்குனதா எடுத்துக்கலாமான்னு ஒரு நிமிசம் யோசிச்சன், அது பசில இருக்குது, சோத்துக்கு வந்தவன கடிச்சா சோறு போயிரும்னு விட்டுட்டன்.

நொய்யல்கரை:
இப்ப அது எங்க இருக்குதுங்க?

கோபிப்பகடை:
வண்டிலதானுங்க. விடியறதுக்குள்ள கூண்டு வண்டிக்குள்ள ஏத்திட்டாங்க, வெயில் படாம. மணிப்பொட்டிக பன்னண்டு இருந்துது, இப்ப பதிமூணு. எது கள்ளப்பொட்டின்னு பையனுக்கு மட்டும் தெரியும், தெனம் ராத்திரி ஒரு உருண்டை களி அவன் பங்குல இருந்து போகுது. பெருவழில அடுத்த சுங்கச்சாவடில பொட்டிய எண்ணுவாங்கன்னு இன்னைக்கு முடிக்கறப்ப சொல்லிட்டன், அதுக்கு என்ன பண்றதுன்னு அவனுக நாலு பேரும் களத்துல ஒக்காந்து இன்னும் பேசிட்டிருக்கறானுங்க.